பலத்த கைதட்டல்

என் வீட்டுக்காரர் ஒரு வரிகூட எழுதிவைக்கிற ஆளில்லை. மளிகைச் சாமான் சீட்டைக்கூட நான்தான் எழுத வேண்டும். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று நின்று கேட்பார்கள். விவசாயிகள் கூட்டமென்றால் கடைசிப் பேச்சு அவருடையதுதான். எதில் ஆரம்பித்தாலும் ஏரித் தண்ணீரில் வந்து நிற்பார். மதகுக்குப் பக்கத்து நிலமெல்லாம் ததும்பிக் கிடக்க, வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் பயிர் வைத்தவன் மட்டும் ஏன் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பார். எங்கள் நிலமும் கடைமடையில்தான். அந்த இடத்தில் அவர் குரல் தானாகவே ஏறும்.

ஒவ்வொரு கூட்டத்திலும் சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக ஒருவர் நின்றிருப்பார். உளவுப் பிரிவு ஏட்டு. யாருக்கும் தெரியக்கூடாதென்றுதான் அரசாங்கம் அவரை வேட்டி சட்டையில் அனுப்பியிருந்தது. டீக்கடைக்காரரோ "சி.ஐ.டி.க்கு ஒரு டீ" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். யார் என்ன பேசினார்கள் என்று எழுதி மேலே அனுப்புவது ஏட்டின் வேலை. பாவம், சுருக்கெழுத்து தெரியாது. என் வீட்டுக்காரர் மூச்சு விடாமல் பேசுகிறவர். அதனால் மறுநாள் காலையில் ஏட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

"அண்ணே, பாதிக்கு மேல வுட்டுட்டேன். மதகுக்கு அப்பால இன்னா சொன்னீங்க?"

இவர் பல் தேய்த்துக்கொண்டே சொல்லுவார். அவர் முட்டிமேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொள்வார். முதல் தடவை எனக்கு வந்த கோபத்தில் காபியை டொக்கென்று வைத்தேன்.

"ஒங்களப் பத்திப் போட்டுக் குடுக்கறவருக்கு நீங்களே சொல்லிக் குடுக்கறீங்களே, இது இன்னா கூத்து?"

"நான் பேசறதே கலெக்டர் காதுல வுழணும்னுதான். இவரு செலவில்லாம கொண்டும்போயி சேக்கறாரு. ஒனக்கு இன்னா பேஜாரு?" என்றார் இவர்.

ஏட்டு தலையைக் குனிந்தபடி சிரித்தார். அப்புறம் எனக்கும் பழகிவிட்டது. சொல்லச் சொல்ல இவருக்குப் புதிது புதிதாகத் தோன்றும். மேடையில் சொல்லாததையெல்லாம் சேர்ப்பார். "நேத்து இத நீங்க பேசவே இல்லியே" என்று நான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தால், "பேசியிருக்கணும். நீ எழுதிக்கோ ஏட்டு" என்பார். ஏட்டும் எழுதிக்கொள்வார். ஒரே ஒரு விஷயத்தில்தான் அந்த மனுஷர் மசியமாட்டார். கூட்டத்தில் கைதட்டினால் அதையும் குறிக்க வேண்டுமாம். "பலத்த கைதட்டல்னு போடு" என்று இவர் கெஞ்சுவார்.

"இல்லண்ணே. பேச்சு ஒங்களுது, நீங்க எப்படி வேணா சொல்லுங்க. கைதட்டல் நான் காதால கேட்டது. வெறும் கைதட்டல்தான்."

நெருக்கடி நிலைக் காலத்தில் கூட்டமே போடக்கூடாதென்று ஆனது. எழுத ஒன்றுமில்லாமல் ஏட்டு வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி டாக்டர், அவருக்குப் பிடித்ததைப் படித்துக் காட்டுங்கள், பேச்சு திரும்பினாலும் திரும்பும் என்றார். பேப்பர் படித்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குப் பிடித்தது அவர் பேச்சுதான். அது எழுத்தில் இருப்பது ஒரே இடத்தில், ஏட்டு அனுப்பிய ஃபைலில்.

ஏட்டு அதற்குள் ரிடையராகி, பக்கத்தில் பெருநகர் என்கிற கிராமத்தில் இருந்தார். நான் காஞ்சிபுரம் போய், பெரிய அதிகாரியைப் பார்த்துக் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"அதெல்லாம் ரகசியம்மா. சம்பந்தப்பட்டவருக்கே காட்ட முடியாது."

"மைக் வெச்சி பஸ் ஸ்டாண்டுல பேசினதுங்க. யாருகிட்டேருந்து ரகசியம்?"

"ரூல் அப்படிம்மா. அப்படி ஒரு ஃபைல் இருக்குதா இல்லியான்னே நான் சொல்லக்கூடாது."

"எங்க ஊர்க் கோயில் செவுத்துல, சபையில யாரு இருக்கலாம், யாரு இருக்கக்கூடாதுன்னு அந்தக் காலத்திலேயே வெட்டி வெச்சிக்கிறாங்க. யாரும் அதுக்குப் பூட்டுப் போடல" என்றேன். அவர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். தன் வாயால் பேசியது தனக்கே கிடைக்காத மனுஷரிடம் போய் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நான் போய் வந்தது ஏட்டுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலிருக்குமா, அவர் தொழிலே அதுதானே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். "காபி போடுங்க அண்ணி" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தார்.

"அண்ணே, நேத்து மீட்டிங்ல பாதிய வுட்டுட்டேன். நான் சொல்லிக்கினே வரேன். சரியா கீதான்னு பாருங்க."

சொல்ல ஆரம்பித்தார். எத்தனை தடவை எழுதியிருப்பார், எல்லாம் அப்படியே இருந்தது. இவர் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார். ஏரிக்கு வந்ததும் ஏட்டு, "தண்ணி பத்தலன்னா மொதல்ல மதகுப் பக்கத்துக்காரனுக்கு வுடணும்" என்றார். தெரிந்தே தப்பாகச் சொன்னாரா, மறந்துவிட்டாரா, நான் இன்றுவரை கேட்கவில்லை. இவர் இடது கையால் கட்டிலை அறைந்தார்.

"மதகுப் பக்கம்னுதாண்ணே சொன்னீங்க. நான் கேட்டேனே?"

இவர் முகம் சிவந்தது. வாய் கோணிக்கொண்டு போனது. எனக்குப் பயமாகிவிட்டது, போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கட... கடமட."

படுக்கையில் விழுந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை.

"கடமடைக்குதான் மொதல்ல. ஆங், எழுதிக்கறேண்ணே" என்று ஏட்டு எழுதினார். எழுதி முடித்து, பழக்கத்தில் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப்போனார். நான் கையை நீட்டினேன்.

"ஏட்டையா, அது எங்க வூட்டுது."

மடித்த காகிதத்தைப் பிரித்தார். பிறகு கொடுத்துவிட்டார். அவர் எழுதியதை நான் கையில் வாங்கிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மேலே ஊர் பெயர், பேசியவர் பெயர். கீழே அந்த ஒரே வார்த்தை. அதற்குப் பக்கத்தில், பலத்த கைதட்டல்.