வனிதாவுக்கு நான் மாப்பிள்ளை பார்த்த கதை

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவனுக்கு முக்கோணக் காதல் எழுதும் தகுதியே கிடையாது. மணமகன் யாரென்று முடிவான பிறகுதான் எங்களிடம் வருவார்கள். தெரிந்தும் எழுதினேன். தங்களையே கதாநாயகனாகப் போட்டுக் கதை எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஜப்பானிலிருந்து வந்த வினை

வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில் ஒரு அச்சகத்தில். நான் ஓவியன், பிள்ளையாரும் வாழைமரமும் என் பொறுப்பு. ஆடியிலும் மார்கழியிலும் மிஷின் சும்மா நிற்கிறதே என்ற எரிச்சலில் முதலாளி ஒரு மாத இதழ் ஆரம்பித்திருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில், ஆரோவில் பக்கமிருந்து அழைப்பிதழ் அடிக்க வந்த ஒரு ஜப்பான்காரப் பெண் அவள் ஊர்ப் படக்கதைப் புத்தகத்தை மறந்து வைத்துவிட்டுப் போனாள். ஒரு பெண், இரண்டு பையன்கள், எல்லாருக்கும் முட்டை முட்டையாகக் கண்கள். முதலாளி அதே மாதிரி ஒன்று வரையச் சொன்னார்.

கதைக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. என் மனைவி கலைச்செல்விக்கு ஒரே மாதத்தில் இரண்டு வரன் வந்தன. ஒன்று மயிலத்தில் ஒரு கல்லூரி விரிவுரையாளர். இன்னொன்று நான். கழுத்தை நீட்டியது எனக்கு. அவளாக என்னைப் பிடித்துச் சொன்னாளா, வீட்டில் தள்ளிவிட்டார்களா என்று எட்டு வருஷமாகக் கேட்கப் பயந்துகொண்டிருந்தேன். அதனால் அவளை வனிதா ஆக்கினேன், விரிவுரையாளரைப் பிரபாகர் ஆக்கினேன், என்னைச் சேகர் ஆக்கினேன். கடைசியில் வனிதா சேகரைக் கட்டிக்கொண்டு காரணம் சொல்வாள். அதைப் படித்ததும் இவளும் வாய் திறப்பாள் என்பது திட்டம். முதலாளியிடம் கதையை மட்டும் சொன்னேன். அவர் சொன்னது: "யாரு யாரை வேணா கட்டிக்கட்டும்ப்பா. கடைசிப் படத்துல பத்திரிகை நம்ம பிரஸ்ல அடிச்சதா காட்டிடு."

முதல் விமர்சனம்

தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க ஒரு நர்சம்மா வந்திருந்தார். மாதிரி ஆல்பத்தைப் புரட்டச் சொன்னால் எங்கள் இதழைப் புரட்டிக்கொண்டிருந்தார். நெற்றியைச் சுருக்கி வனிதாவையே பார்த்தார். அழகில் சொக்கிவிட்டார் என்று நினைத்து, வரைந்தது நான்தான் என்று போய் நின்றேன்.

"தம்பி, கண்ணு ரெண்டும் வெளிய தள்ளிக்கினு இருக்குது பாருங்க. மாப்பிள்ளைய அப்பறம் பாக்கலாம், மொதல்ல இந்தப் பொண்ணுக்கு தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

கண்டக்டர் தீர்ப்பு

நான் தினமும் போகும் பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் இதழை விடாமல் படிப்பவர். ஐந்தாவது மாதம், விக்கிரவாண்டி தாண்டியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிரபாகர்தான் சரியான ஆள் என்றார். பூக்கூடையோடு முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பி, தன் ஓட்டும் பிரபாகருக்கே என்றார். சேகர் நல்லவனாயிற்றே என்று ஈனசுரத்தில் சொல்லிப் பார்த்தேன். சேகர் என்னைப் பார்த்து வரைந்தது என்பது கூடவா தெரியவில்லை?

"நல்லவன்தான் சார், யாரு இல்லேன்னா? அஞ்சு மாசமா பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு அவள பாத்துக்கினே இருக்கறான். பஸ்ஸுகூட அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்காது சார்."

வில்லனுக்கு வந்த வாழ்வு

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிரபாகரைக் கெட்டவனாக்க முடிவு செய்தேன். ஒரு மாதம் கையில் சிகரெட் கொடுத்தேன். அடுத்த மாதம் கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். அதற்கடுத்த மாதம் மோட்டார் சைக்கிளில் ஏற்றி, சேகர் மேல் சேற்றை வாரி அடிக்கவும் வைத்தேன். இனி ஊரே அவனைக் கரித்துக்கொட்டும் என்று காத்திருந்தேன். எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் சரோஜாக்கா பக்கத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் கீழே வைக்கவில்லை.

"கண்ணாடி போட்டதும் இன்னும் அம்சமா இருக்கறாருப்பா. சேத்தைத் தொடைக்கறதுக்குக்கூட அந்த சேகருகிட்ட ஒரு கர்ச்சீப் இல்ல பாரு."

கோட்டக்குப்பத்துக் கடிதம்

சேகருக்காகப் பரிந்து ஒரு வரியாவது இருக்காதா என்று தபால்களை நானே பிரிப்பேன். இருக்காது. கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பெண் எழுதிய கடிதம் மட்டும் கொஞ்சம் நம்பிக்கையாக ஆரம்பித்தது. கணவர் துபாயில். மாதாமாதம் கதையை அவருக்குப் போனில் இவர்தான் சொல்லவேண்டுமாம். அவருக்கு சேகரைப் பிடிக்குமோ என்று ஆசையாகப் படித்தேன்.

"பத்து நிமிஷம் பேசினால் எட்டு நிமிஷம் வனிதாவைப் பற்றியே கேட்கிறார். யாருக்காவது ஜல்தியாகக் கட்டி வைத்துவிடுங்கள், எங்கள் வீட்டு விஷயத்தையும் நான் பேசவேண்டும்."

கடைசி அத்தியாயம்

ஊர் எப்படியோ போகட்டும் என்று வனிதாவை சேகருக்கே கட்டிவைத்தேன். ஏன் அவனைத் தேர்ந்தெடுத்தாள் என்று இரண்டு பக்கம் வசனம்: அவன் தூய உள்ளம், அவன் கலை, அவன் மௌனம். புரூஃபை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கலைச்செல்வியிடம் நீட்டினேன். இத்தனை மாதமும் படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாதவள். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"இன்னாத்துக்கு இந்தப் பொண்ணு ரெண்டு பக்கம் பேசுது?" என்றாள். "எங்கத்தை ரெண்டு வூட்டையும் பாத்துட்டு வந்து சொன்னாங்க. அந்த மயிலத்துக்காரரு வூட்டுல தண்ணிக்கு அரை மைல் நடக்கணும். உங்க வூட்டுல வாசல்லயே கொழா. நான்தான் உங்களைச் சொன்னேன். எங்கப்பாவுக்கு அவரைத்தான் பிடிச்சிருந்தது."

அவளாகத்தான் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இத்தனை மாதம் வரைந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவேனா? அவர் வீட்டு வாசலிலும் குழாய் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவள் மல்லாட்டையை மறுபடி முறத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இருந்திருந்தா நீங்க இன்னும் நல்லா கதை எழுதியிருப்பீங்க."

அதற்குப் பிறகு நான் காதல் கதை எதுவும் வரையவில்லை. விடியற்காலையில் தண்ணீர் வரும்போது எழுந்துபோய்க் குடம் வைப்பது மட்டும் என் வேலையாகிவிட்டது.