தனம் டீச்சரோடு மலையைச் சுற்றி வந்த நாள்

தனம் டீச்சர் இறந்த செய்தி வந்தபோது என் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குச் சின்னசேலத்தில் தம்பி வீட்டுக்குப் போனவர். மஞ்சள் காமாலை முற்றிவிட்டதாம். கையில் பிசைந்த சோறு காயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். காரியமும் முடிந்துவிட்டது. பள்ளி மலருக்கு நீங்கள் எல்லாரும் எழுதிக் கொடுத்த பிறகு, நான் இப்போதுதான் எழுதுகிறேன். அழுகை வரும் என்று பயந்து தள்ளிப்போட்டேன். உட்கார்ந்தால் சிரிப்புதான் வருகிறது.

தையல் டீச்சரான அவர் குரல் உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் ஆசிரியர் அறையில் ஜன்னலைக் காட்டிக் கேட்டார்: "கள்ளக்குறிச்சில பொறந்துட்டு, தெனம் மேக்கால அந்த மலையப் பாத்துக்கினே சாவறதா? ஒரு நாளு ஏறிப் பாக்க வாணாம்?" மூன்று பேர் கை தூக்கினோம். என் கை எப்படி உயர்ந்தது என்று இன்றும் ஆச்சரியம். அப்போது என் மகள் எட்டு மாதக் குழந்தை. பள்ளி நேரம் தவிர அதுவரை ஒரு மணி நேரம்கூட விட்டு இருந்ததில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருஷம் அது. குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டுக் கிளம்பி, மறியல் மறுநாள்தான் என்று பஸ் நிலையத்தில் சொன்னதை நம்பி பஸ் ஏறினேன். கச்சிராயபாளையத்தில் இறங்கி, கரும்புக் கொல்லைகளைத் தாண்டி, அணைக்கு மேலே காப்புக்காட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு அணைக்கே வரும் பாதை. காலடியில் கடுக்காய்கள் நொறுங்கின. திடீரென்று ஒரு மேகம் எங்களுக்குக் கீழே போயிற்று. கீழே! தனம் டீச்சர் அத்தனை பெரிய உடம்போடு குதித்தார். "ஏய் மாலா, பாருடி, நாம மேகத்துக்கு மேல நிக்கறோம்!" நானும் குதித்தேன்.

உச்சியில் எனக்கு மாரில் பால் கட்டிக்கொண்டது. குழந்தை அழும் சத்தம் காதிலேயே கேட்டது. "டீச்சர், நான் திரும்பிடறேன்" என்றேன்.

"வந்த வழியா போனாலும் இதே தூரம், அந்தாண்ட எறங்கினாலும் இதே தூரம். அந்தாண்ட அருவி இருக்குது. இன்னா சொல்ற?"

அருவிப் பக்கமே இறங்கினோம். பாறை மறைவில் அவர் முந்தானையை விரித்துப் பிடித்து நிற்க, கட்டிய பாலைப் பீய்ச்சிவிட்டேன். "குடு, குடு, மலையும் கொஞ்சம் குடிக்கட்டும்" என்றார். வலியோடு சிரித்தேன். பிறகு புடவையோடு அருவியில் நின்றோம்.

கீழே வந்தால் சாலையின் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரம் கிடந்தது. மறியல் மதியமே தொடங்கிவிட்டது, பஸ் இல்லை. மற்ற இருவரும் தெரிந்த மாணவியின் வீட்டில் தங்க முடிவு செய்தார்கள். என்னால் முடியாது. வழிநெடுக ஏழெட்டு இடத்தில் மரம் என்றார்கள். தனம் டீச்சர் நேராக மறியல்காரர்களிடம் போனார்.

"கைக்கொழந்தக்காரி. வூட்ல புள்ள பட்டினி. ஒரு சைக்கிள் குடுங்க, நாளைக்கு அனுப்பறேன்."

தலைப்பாகை கட்டிய ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓட்டுவீங்களா டீச்சரு? சைக்கிள் தாங்குமா?"

"அது தாங்கும். உன் வாயத்தான் ஊரு தாங்காது."

கூட்டமே சிரித்தது, சைக்கிள் வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தார். பின்னால் கேரியரில் நான். ஒவ்வொரு மரத்திலும் எங்களை மறித்தார்கள், ஒவ்வொரு மரத்திலும் அவர் "புள்ளைக்குப் பாலு!" என்று கத்தினார். மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் சைக்கிளைத் தூக்க, அந்தப் பக்கம் நின்றவர்கள் வாங்கி வைத்தார்கள். வடக்கனந்தல் தாண்டியதும் காலி சாலை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே பாட்டுப் பாடினார். ஒரு கையால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நானும் பாடினேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டு வாசலில் இறங்கினேன். குழந்தை அழுது தொண்டை கட்டியிருந்தது. வாங்கி மார்பில் போட்டுக்கொண்டேன். அத்தை பொரிந்தார்: "பச்சப்புள்ளய போட்டுட்டு மலைக்கு இன்னா போக்கு?"

"என்னைத் திட்டுங்கம்மா, நான்தான் இட்டுக்கினு போனேன்" என்றார் தனம் டீச்சர். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

நான் அழ ஆரம்பித்தேன். "இனிமே எங்கியும் போவமாட்டேன் அத்தை."

தனம் டீச்சர் சொம்பைக் கீழே வைத்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான். "அத உடு. நல்லா இருந்துச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை விக்கலுக்கு நடுவே குடித்துக்கொண்டிருந்தது.

"ரொம்ப நல்லா இருந்துச்சி டீச்சர்" என்றேன்.

பயம் என்னை விட்டுப் போகவில்லை. இப்போதும் குழந்தை தும்மினால் எனக்குத் தூக்கம் போய்விடும். ஆனால் அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது, அத்தையின் எதிரில், தலையைக் குனியாமல், அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு பதில்.