தவமலர் அக்காவின் ஒழுங்கை

கல்முனையில் தவமலர் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. இடியப்பக்கார தவமக்கா என்றால் யாரும் வழி காட்டுவார்கள். பிரதான வீதிக்கு மேற்கே ஒரு மணல் ஒழுங்கையில் அவருடைய வீடு. கணவர் பர்னபாஸ் தளபாடக் கடையொன்றில் தச்சு வேலை செய்தார். அக்கா அவிக்கும் இடியப்பம் காலையில் எங்கள் முஸ்லிம் ஆட்களின் கடைகளுக்குத்தான் கூடுதலாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடுப்பு மூட்டமாட்டார். அன்று மெதடிஸ்த ஆலயத்தில் பாடகர் குழுவோடு நிற்பார். ஊருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்.

நான் நிந்தவூரைச் சேர்ந்த சாலிஹ். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பொறுப்பான நன்னடத்தை அலுவலராக அந்தக் கரையோரத்தில் நெடுங்காலம் வேலை செய்தவன். எனக்குத் தெரிந்த தவமலர் வேறு.

சுனாமி வந்த கிழமை, மருதமுனையில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கை உம்முவை அடக்கம் செய்துவிட்டு நேரே வேலைக்குத் திரும்பியிருந்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை. பாடசாலை ஒன்றில் அகதி முகாம். கடைகள் மூடிக்கிடந்ததால் அக்கா கையிலிருந்த மாவையெல்லாம் அவித்து அங்கே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடிக்காத குறையாக ஒரு வகுப்பறைக்குள் கூட்டிப்போனார்.

"சேர், இஞ்ச வந்து இதைப் பாருங்க."

மூலையில் நான்கு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள். மூத்தவன் வினோதனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். அடுத்தவள் தர்மிகா, பிறகு பிரகாஸ், கடைசியாக நடக்கத் தொடங்கிய ஒரு குழந்தை. தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். வலைக் கயிற்றுத் துண்டொன்றால் தம்பி தங்கைகளின் கைகளை வினோதன் தன் கையோடு சேர்த்துக் கட்டியிருந்தான். யாரோ வந்து பிள்ளைகளைத் தூக்கிப் போகிறார்கள் என்று முகாமில் ஒரு கதை பரவியிருந்தது.

"இந்த நாலையும் என்ன செய்யப் போறீங்க?" என்று அக்கா கேட்டார்.

உள்ளதைச் சொன்னேன். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம், பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு இல்லம். கடைசிக் குழந்தைக்கு மட்டக்களப்பில் வேறொரு இடம். நல்ல குடும்பம் கிடைத்தால் வளர்ப்புக்குக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நான்கு பிள்ளைகளை ஒன்றாக ஏற்கிற குடும்பத்துக்கு எங்கே போவது?

"கொஞ்சம் பொறுங்க சேர். நான் கோயில்ல கதைச்சிட்டு வாறன். நீங்களும் வாங்க. சட்டம் கிட்டம் கேப்பாங்க, எனக்கு அது விளங்காது."

அப்படித்தான் என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு தேவாலயத்துக்குள் போனேன். பள்ளிவாசல் பழக்கத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். பிரசங்கம் முடிந்ததும் போதகர் அக்காவைக் கூப்பிட்டார். பாடும்போது மட்டும் எழும்புகிற அந்தக் குரல் அன்று தனியாகப் பேசியது.

"நத்தாருக்கு மறுநாள் நாம எல்லாரும் இதுக்குள்ளதான் இருந்தம். நாம பாடிக்கிட்டிருக்கக்குள்ள வீதிக்கு அங்கால தண்ணி வந்து நிண்டிருக்கு. ஏன் நம்மள விட்டு வெச்சது எண்டு எனக்குத் தெரியா. போதகர் ஐயாவுக்கும் தெரியாது எண்டுதான் நினைக்கிறன். ஆனா விட்டு வெச்சிருக்கு. அந்தப் புள்ளைகளும் இருக்கு."

முன் வாங்கிலிருந்து வயதான ஒருவர் எழுந்தார். "வாற புள்ளைகள் நம்மட கோயிலுக்கு வருமா? ஞானஸ்நானம் எடுக்குமா?"

"இல்லண்ணன். அதுகள்ற தாய் தகப்பன் வெச்ச பேரும், கும்பிட்ட சாமியும் அதுகளோடயே இருக்கட்டும். எல்லாத்தையும் கடல் எடுத்துட்டுப் போயிட்டு. மிச்சமிருக்கிறத நாம எடுக்கப்படாது."

"அப்ப சபைக்கு என்ன பிரயோசனம்?"

"சபைக்கு ஒண்டும் இல்ல. புள்ளைக்குத்தான்."

அன்று ஒருவரும் முன்வரவில்லை. கெட்ட மனிதர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாவு. பலருக்கு வீடே இல்லை. வெளியே வந்தபோது அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவரோ, "கத்தோலிக்கக் கோயில்ல பூசை எத்தின மணிக்கு எண்டு தெரியுமா சேர்?" என்று கேட்டார்.

அந்த ஊரில் கிறிஸ்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேருக்குள்ளும் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தேக்காரர் ஒருவர் கோயிலில் ஒருவர் கால் வைப்பதில்லை. அக்காவின் வீட்டுக்கு வலப்பக்கம் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த, கட்டட வேலை செய்யும் யோசுவா மேசன் குடியிருந்தார். அவர்கள் சத்தமாக ஜெபிப்பதைப் பற்றி இரண்டு வீட்டுக்கும் இடையில் பழைய மனஸ்தாபம். இடப்பக்கத்து வீட்டுக்கு, கடற்கரையில் எல்லாவற்றையும் இழந்த சவரிமுத்துவும் மனைவி லூர்த்தம்மாவும் சொந்தக்காரரிடம் ஒதுங்க வந்திருந்தார்கள். அவர்களுடைய ஒரே மகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. சவரிமுத்து யாரோடும் பேசுவதில்லை.

அடுத்த ஞாயிறு கத்தோலிக்கக் கோயிலில் அக்கா அதே வார்த்தைகளைத்தான் சொன்னார். வினோதன் கட்டியிருந்த கயிற்றைப் பற்றியும் சொன்னார். பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். லூர்த்தம்மா.

"அந்தக் கயிறு கட்டின பொடியன என்னட்டத் தாங்க," என்றாள். "என்ர புள்ளைய என்னால பிடிச்சு வெச்சிருக்க ஏலாமப் போச்சு. அவன் பிடிச்சு வெச்சிருக்கான்."

நான் இறந்தவர்களின் மையித்துகளைத் தூக்கிய கையோடு அந்த வாங்கில் இருந்தவன். அதுவரை கண்ணீர் வரவில்லை. அப்போது வந்தது.

பெந்தெகொஸ்தே சபை ஒரு தகரக் கொட்டகை. அக்கா பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே யோசுவா மேசன் எழுந்து நின்றார். "அக்கா, சொன்னது காணும். எந்தப் புள்ளைய நாங்க எடுக்கோணும்?" பழைய மனஸ்தாபம் எங்கே போனதென்று எனக்குத் தெரியாது.

வினோதன் லூர்த்தம்மாவிடம் போனான். பிரகாஸ் மேசன் வீட்டுக்கு. தர்மிகாவும் குழந்தையும் தவமலர் அக்காவிடம். மூன்று வீடும் அடுத்தடுத்து இருந்ததால் பர்னபாஸ் இரண்டு வேலிகளையும் வெட்டிக் கடப்பு வைத்தார். பிள்ளைகள் நினைத்த நேரம் நினைத்த வீட்டுக்குள் ஓடினார்கள். சாப்பாடு மூவர் வீட்டிலும் ஆகும், நான்கு பேரும் ஏதாவது ஒரு வீட்டில் சேர்ந்துதான் தின்பார்கள். நீதிமன்றத்தில் நான் இந்த ஏற்பாட்டை விளக்கியபோது, நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மூன்று குடும்பத்துக்கும் வளர்ப்புப் பொறுப்பு கிடைத்தது.

இந்தச் செய்தி மெதடிஸ்த ஆலயத்துக்குப் போனதும் அங்கும் மனம் இளகிவிட்டது. அன்று கேள்வி கேட்ட அந்தப் பெரியவரே கூரைத் தகடு கொண்டுவந்தார். இளைஞர்கள் மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தார்கள். கத்தோலிக்கப் பெண்கள் குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். மீன் விற்கிற பெந்தெகொஸ்தே சபையார் வேலியில் மீன் கோர்வையைத் தொங்கவிட்டுப் போவார்கள். வளர்க்கிற தாய்க்குக் காய்ச்சல் என்றால் சபையிலிருந்து ஒருத்தி வந்து அடுப்படியைப் பார்த்துக்கொள்வாள். "புள்ளைய ஒரு வீடு எடுக்கும். அந்த வீட்டை ஒரு சபை எடுக்கோணும்," என்பதுதான் அக்காவின் கதை. அதைச் சொல்லிக்கொண்டே கல்லாறு முதல் திருக்கோவில் வரை பஸ்ஸில் போய்வந்தார். சின்னச் சின்னக் கோயில்கள் எல்லாம் கதவைத் திறந்தன. எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்து நம்பிக்கையாளர் முகம்மது தம்பியும் இதைக் கேள்விப்பட்டு, அந்தப் போகம் தன் வயலில் விளைந்த நெல்லில் ஒரு பங்கைக் குற்றி அரிசியாக அந்த ஒழுங்கைக்கு அனுப்பினார்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. ஒருநாள் பிள்ளைகளின் தாய்மாமன் கதிர்காமன் ஒழுங்கைக்குள் நின்று கத்தினார்.

"எங்கட சைவப் புள்ளைகள வேதத்துக்கு மாத்துறீங்களா? சோத்தக் காட்டிப் புள்ள பிடிக்கிறீங்களா?"

அவர் கூடாரத்தில் தன் பிள்ளைகளோடு இருந்தார். இவர்களை எடுக்க வழியில்லாத வேதனை கோபமாக வந்தது. அப்போது தற்செயலாக நானும் அங்கே இருந்தேன். நடுவில் போகப் பார்த்தேன். அக்கா என்னைத் தடுத்துவிட்டு அவரிடம் போனார்.

"தம்பி, உள்ளுக்கு வாங்க. வந்து பாருங்க."

தர்மிகா பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்றாள். நெற்றியில் திருநீறு. எதிர் வீட்டு இந்துப் பெண்ணிடம் சொல்லி, அக்காதான் காலையில் பூசிவிட வைத்திருந்தார்.

"எனக்கு அதெல்லாம் சரியாச் செய்யத் தெரியா. பிழை விட்டுருவனோ எண்டு பயமாக் கிடக்கு. நீங்க வெள்ளிக்கிழமையில வந்து இதுகளக் கோயிலுக்குக் கூட்டிப் போங்க. மாமன் நீங்கதானே, நான் இல்லியே."

கதிர்காமன் மணலில் உட்கார்ந்துவிட்டார். லூர்த்தம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வந்தார். பள்ளிக்கூட விடுமுறை வெள்ளிகளில் நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் வழியில், நால்வரும் தலைசீவி அவர் பின்னால் வரிசையாகப் போவதைக் கண்டிருக்கிறேன்.

மற்றப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். வினோதன்தான் பழகவில்லை. சவரிமுத்துவும் அவனும் ஒரே வீட்டில் வார்த்தை பேசாமல் இருந்தார்கள். இருவரும் கடல் பக்கம் போவதில்லை. லூர்த்தம்மா என்னிடம் ஒன்றும் முறையிடவில்லை. "ரெண்டு பேரும் ஒரே மாதிரி. அதுதான் ஒண்டா இருக்கிறாங்க," என்றாள்.

மறுவருடம் கதிர்காமனுக்கு ஒரு தோணி கிடைத்தது. முதல் நாள் அதைத் தள்ள ஆள் போதவில்லை. விடிந்து கொஞ்ச நேரம், கரையில் நான் நின்றேன். சவரிமுத்து வீதியைக் கடந்து வருவதைக் கண்டதும் எல்லோரும் தோணியடியில் இடம் விட்டார்கள். பின்னால் வினோதன். இருவரும் தோணியின் இரு பக்கமும் தோள் கொடுத்தார்கள். அலை காலில் பட்டதும் பொடியன் நின்றுவிட்டான்.

சவரிமுத்து திரும்பிப் பார்த்தார். "பயமா மனே?"

"ஓம்."

"எனக்கும்தான்."

இருவரும் தள்ளினார்கள். தோணி மிதந்தது. ஏறிக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்க அந்தக் கடலைப் பார்த்தவன் நான். அன்று தோணி கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

2009இல் வன்னியில் யுத்தம் முடிந்தது. பெற்றோர் எங்கே என்று தெரியாத பிள்ளைகளில், கிழக்கோடு சம்பந்தமுள்ள சிலரை எங்கள் பக்கம் அனுப்பினார்கள். அக்காவிடம் போய்க் கேட்க எனக்கு மனமில்லை. நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தால் அவர் காலில் ஒரு விரலை எடுத்திருந்தார்கள். கேள்விப்பட்டு அவரே எனக்கு ஆளனுப்பினார்.

இந்த முறை மெதடிஸ்த ஆலயத்தில் கூட்டம். கத்தோலிக்க சுவாமியும் பெந்தெகொஸ்தே பாஸ்டரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். அக்கா எழும்பக்கூட இல்லை. ஒவ்வொரு சபையாக எழுந்து, தங்களிடம் எத்தனை வீடு ஆயத்தம் என்று சொன்னது. பின்கதவடியில் நின்ற கதிர்காமன் தொண்டையைச் செருமினார்.

"வேதக்காரர் மட்டும்தான் எடுக்கலாமா? எங்கட வீட்டிலயும் இடம் இருக்கு."

அக்காவிடம் வந்தவள் கிருசாந்தி. எட்டு வயது. வான் வந்து நின்றது, மற்றப் பிள்ளைகள் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. ஆசனத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் கூப்பிட்டேன், சாரதி கூப்பிட்டார். பலனில்லை. அக்கா தடியூன்றி வந்து வானின் படியில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. ஒழுங்கையே காத்து நின்றது. பெரியவளாகிவிட்ட தர்மிகா அவருக்குக் குடை பிடித்தாள்.

வெகுநேரத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல். "எத்தினை நாளைக்கு?"

"உன்ர அம்மா வரும் வரைக்கும்."

"வராட்டி?"

"வரும் வரைக்கும்."

பிள்ளை இறங்கி வந்தது.

அவளுடைய தாயை மறு ஆண்டு தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கண்டுபிடித்தோம். செல் குண்டுக் காயத்தோடு மாதக்கணக்காகக் கிடந்திருக்கிறாள். அக்காவிடம் இதைச் சொல்ல நானே போனேன். கிருசாந்தி அதற்குள் அவரை "பெரியம்மா" என்று கூப்பிட்டு, அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறவளாகிவிட்டாள். சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "தாய இஞ்ச கூட்டி வாங்க. காயம் மாறும் வரைக்கும் என்னோட இருக்கட்டும். புள்ள தாயோட பழகோணும்," என்றார்.

அப்படியே நடந்தது. அந்தப் பெண் கிட்டத்தட்ட ஒரு மாதம் அந்த வீட்டில் இருந்தாள். அக்கா கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கினார். முதலில் தலைவாருவதைத் தாயிடம் விட்டார். பிறகு சோறு ஊட்டுவதை. பிறகு தூங்க வைப்பதை. பிள்ளை கூப்பிட்டாலும், "அம்மாட்டக் கேளுங்க மகள்," என்பார். ஒரு தாய்க்குத் தாய்மையைத் திருப்பிக் கொடுக்க இப்படி ஒரு வழி இருக்கிறதென்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அவர்கள் பஸ் ஏறிய அன்று நான் வீட்டுக்கு வந்து என் மனைவி அஸீஸாவிடம் எல்லாம் சொன்னேன். "அந்த மனிசி இப்ப எப்பிடி இருக்கோ?" என்று அவள் கவலைப்பட்டாள். அஸர் தொழுதுவிட்டு அவருக்காக துஆக் கேட்டேன்.

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. அக்காவின் குரல் கம்மியிருந்தது. அழுதிருக்கிறார்.

"சேர், அறை சும்மா கிடக்கு. ஆரும் புள்ளைகள் இருக்கா?"

இருந்தார்கள். அந்தக் கிழமையே ஒருவனைக் கூட்டிப்போனேன்.