முன்சக்கரம் என்று கத்திய திரை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை. கரையான்சாவடியில், எங்கள் தெரு பிரதான சாலையைத் தொடும் இடம். வண்டியில் நான், பின்னிருக்கையில் என் மனைவி கயல்விழி. பாடியில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அவளுக்கு வேலை. தினமும் புறவழிச்சாலையில் ஏறி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இடைவெளி தேடிப் போகிறோம். அந்த வேகத்தில் ஒரு டயர் காற்றிழந்தால் என்னவாகும்? வண்டியோடு விழுபவர்கள் இருவர். பின்னால் வரும் லாரிக்காரர் என்ன பாவம் செய்தார்?

இந்தக் கவலையில்தான், டயர் பிரஷர் காட்டும் கருவி ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் பொருத்தினேன்.

அன்று அது கத்தியது. ஹேண்டில்பாரில் இருந்த சிறிய திரையில் சிவப்பு விளக்கு. முன்சக்கரம் — இருபது. இருக்க வேண்டியதோ இருபத்தெட்டு.

சலீம் பாயின் செருப்புக்கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டினேன். எங்கள் மாடியிலேயே எதிர்வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை குத்தம்பாக்கத்தில் உறவினர் திருமணத்துக்கென்று என் வண்டியை வாங்கிச் சென்றவர், திங்கள் மாலைதான் திருப்பித் தந்தார். இரவல் வாங்கிய வண்டியை வாங்கியபடியே தருவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். துடைத்து, காற்றடித்துத்தான் தருவார்.

ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், காலங்காத்தால ரோட்டுல குந்திகினு கீறீங்க?"

"முன்சக்கரத்துல காத்து கம்மின்னு காட்டுது பாய்."

"யாரு, அந்தப் பொட்டியா? நேத்து நானே நின்னு ரெண்டு டயருக்கும் அடிச்சிகினு வந்தேன். கல்லு மாதிரி கீது, பாருங்க." முன்டயரைக் காலால் ஓர் உதை உதைத்துக் காட்டினார்.

பேனா போன்ற காற்றளவி ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். முன்சக்கரத்தின் வால்வு மூடியைக் கழற்றி, அளந்தேன். இருபத்தெட்டு. குறையே இல்லை!

அதே நொடியில் திரை மறுபடியும் கத்தியது. இம்முறை — பின்சக்கரம், பூஜ்யம்.

பூஜ்யமா? பின்சக்கரம் என் கண்ணெதிரே நிமிர்ந்து நிற்கிறதே...

சலீம் பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முன்னாடி நோண்டினா பின்னாடி கத்துது. மெண்டல் மிஷின் சார் இது. கழட்டிக் கடாசிட்டு, தங்கச்சிய ஏத்திகினு கெளம்புங்க."

பொய் சொல்லும் கருவியைவிடக் கருவியே இல்லாதது மேல் என்று எனக்கும் ஒரு தத்துவம் தோன்றிவிட்டது. ஷிஃப்ட் நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மூடியைத் திருகிவிட்டு, சாவியைப் போட்டேன்.

கயல் ஏறவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாய், காத்து அடிக்கறப்போ இந்த மூடி ரெண்டையும் எங்க வச்சீங்க?"

"பாக்கெட்லதாம்மா. கீழ வச்சா உருண்டுகினு பூடுமே."

"ரெண்டும் ஒரே பாக்கெட்லயா?"

"பின்ன? மூடிக்கு ஒண்ணு ஒண்ணா பாக்கெட் தைக்க முடியுமா?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "இரு... மாத்தி மாட்டிட்டேன்றியா?"

"முன்னாடி கழட்டினா பின்னாடி நம்பர் விழுது பாய். அப்போ முன்னாடி இருக்கறது பின்னாடியோட மூடி. மொதல்ல கத்துனது..."

மூவரும் பின்சக்கரத்தைப் பார்த்தோம்.

விஷயம் இதுதான். இந்த வகைக் கருவியில் வால்வு மூடியே சென்சார். அதைத் திருகியதும் வால்வின் ஊசி அழுந்தி, டயருக்குள் இருக்கும் காற்று சென்சாரைத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தை அளந்து, ரேடியோ அலையில் திரைக்கு அனுப்புகிறது மூடி. வண்டி நிற்கும்போது பேட்டரியைச் சேமிக்க உறங்கும். சக்கரம் சுழன்றாலோ, காற்று திடீரென இறங்கினாலோ விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு மூடிக்கும் தனி அடையாள எண் உண்டு. 'இந்த எண் முன்சக்கரம், அந்த எண் பின்சக்கரம்' என்று திரை முதல் நாளே மனப்பாடம் செய்துவிடுகிறது. தான் எந்தச் சக்கரத்தில் இருக்கிறோம் என்பது, பாவம், மூடிக்குத் தெரியாது.

சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றினேன். பாதிச் சுற்றில் பளபளத்தது — ஓர் ஆணியின் தலை. அளந்தேன். இருபது.

ட்யூப்லெஸ் டயரின் குணம் அது. குத்திய ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டு, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் காற்று குறைந்த டயர், இருவரின் எடையில் நசுங்கி நசுங்கிச் சூடேறும். புறவழிச்சாலையில் ஏறியிருந்தால்...

அந்த வாக்கியத்தை முடிக்க இன்றும் மனம் வரவில்லை.

சலீம் பாய் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வாடிவிட்டது. "நல்லது பண்றேன்னு நெனச்சிகினு... இன்னா காரியம் பண்ணிக்கீறேன்."

"மூடிய நீங்க தொலைச்சிருந்தா கத்தியே இருக்காது பாய்," என்றாள் கயல். அவர் முகத்தில் பாதி உயிர் திரும்பியது.

பக்கத்துப் பஞ்சர் கடையில் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, காற்றடித்தார்கள். மூடிகள் இரண்டையும் இடம் மாற்றித் திருகினேன். சலீம் பாய் தம் கடையிலிருந்து வெள்ளை ஷூ பாலிஷைக் கொண்டுவந்து, பின்சக்கர மூடிக்குத் தம் கையாலேயே ஒரு பொட்டு வைத்தார். திரையில் எண்கள் இரண்டும் அதனதன் இடத்தில் நின்றன. கயல் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி அமர்ந்தாள். அரைமணி நேரத் தாமதம். அதனால் என்ன? போய்ச் சேர்ந்தோமே!

வழியெல்லாம் யோசித்தேன். ஓர் எச்சரிக்கை சுட்டிய இடத்தில் பழுது இல்லையென்றால், எச்சரிக்கையே பொய் என்று எவ்வளவு எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம்! வீட்டில் ஒருவர் சோறு சரியில்லை என்று எரிந்து விழுகிறார். சோற்றைச் சோதிக்கிறோம், நன்றாகத்தான் இருக்கிறது. விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அவருக்கு எங்கே குத்தியிருக்கிறது என்று யார் தேடுகிறோம்? குறை சொல்பவர் இடத்தை மாற்றிச் சொல்லலாம். குறை இருப்பது மாறாது.

அன்று மாலை மாடிப்படியில் எதிர்ப்பட்ட சலீம் பாய், தாமும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"இனிமே உங்க வண்டிய வாங்கினா காத்து அடிக்க மாட்டேன் சார். பெட்ரோல் போட்டுத் தந்துடறேன்... டேங்குக்கு மூடி ஒண்ணுதானே."