பெண் வீட்டு காரண்டி

போனதற்கு முந்தின சனிக்கிழமை காலை. குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நிற்கிறேன்... வாசலில் மாப்பிள்ளை!

மாப்பிள்ளை என்றால் என் தங்கை செண்பகத்தின் கணவர். பத்மநாபபுரத்தில் கோட்டைக்குள் வீடு, தக்கலைச் சந்தையில் பாத்திரக்கடை. அவர் பஸ் ஏறி வடசேரியில் இருக்கும் என் வீட்டுக்கு வருகிறார் என்றால் அநேகமாக ஒரே காரணம்தான் இருக்கும். கிராமபோன் ரிப்பேர்.

"மச்சான், பெட்டிக்க ஹேண்டிலைக் காணல்ல."

"எங்கே போச்சு?"

"எங்க போச்சுன்னு தெரிஞ்சா உங்கள்ட்ட எதுக்கு வாறேன்? வாங்கின கடையில சொல்லி ஒண்ணு எடுத்துத் தந்திருங்கோ. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம வந்து வாங்கிக்கிடுகேன்."

இட்லி சாப்பிட்டார். இரண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். போய்விட்டார்.

நான் எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கிறேன் என்று வாசகர்கள் சிலருக்கு என் மேல் மனத்தாங்கல் உண்டு. இந்த வாரமும் சிடுசிடுக்கத்தான் போகிறேன். முழுக்கப் படித்துவிட்டு, நான் செய்வது தப்பா என்று நீங்களே சொல்லுங்கள். மாப்பிள்ளை கடையில் பத்திரிகை பாத்திரம் பொதியத்தான், படிக்க அல்ல; அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியை வாங்கியது நான். போர்ட்டபிள் கிராமபோன். பார்ப்பதற்குக் கறுப்பு சூட்கேஸ் மாதிரி இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே தட்டு, ஊசி, சவுண்ட் பாக்ஸ் எல்லாம் உண்டு. மூடியின் உட்பக்கத்தில் ஒரு கவ்வி, அதில் ஹேண்டில். எடுத்துப் பக்கத்து ஓட்டையில் செருகித் திருகினால் ஸ்பிரிங் ஏறும், பாட்டு வரும். "எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போலாம் சார். கைக்குழந்த மாதிரி" என்றார் நாகர்கோவில் கடைக்காரர். பஸ்ஸ்டாண்ட் வரைக்கும் தூக்கி வருவதற்குள் தோள்பட்டை இறங்கிவிட்டது. அந்தக் கனத்தில் கைக்குழந்தை பிறந்தால் தாய் பிழைக்கமாட்டாள்.

வாங்கியது எனக்காக அல்ல, செண்பகத்துக்காக. அவளுக்குப் பாட்டென்றால் உயிர். முறையாகப் பாட்டு கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பாட்டு வாத்தியார் வீட்டுக்கு வந்து போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அப்பா தடுத்துவிட்டார். சரி, வாத்தியார்தானே வரக்கூடாது... பெட்டி வரலாம் அல்லவா? பத்திரிகையில் இந்தப் பத்தி எழுதிச் சேர்த்த பணத்தில் வாங்கிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

இரண்டு வருஷம் அந்தப் பெட்டியை அவள் வைத்துக்கொண்ட பதவிசை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போடுவாள். ஸ்பிரிங்கை ஒருநாளும் மிஞ்சித் திருகமாட்டாள். ஒரு நாகஸ்வர ரிக்கார்டு அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்று நிமிஷத்தில் முடிந்துபோகும் அந்த ராகத்தை, ஓரிடத்தில் வித்வான் மூச்சு வாங்கும் சத்தம் உட்பட, அப்படியே வாயால் பாடிக் காட்டுவாள். காய் நறுக்கிக்கொண்டே பாடுவாள். நறுக்கிய காயெல்லாம் ஒரே அளவில் இருக்கும்.

பிறகு பெண் பார்க்க வந்தார்கள்.

வந்தவர்களுக்கு ரிக்கார்டு போட்டுக் காட்டச் சொன்னார் அப்பா. செண்பகம் ஊசியை வைத்தாள். பெட்டி நாகஸ்வரம் வாசித்தது. "பெட்டி நல்லா பாடுகே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பெண் பாடுவாளா என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் தரகர் வந்து, "அவாளுக்குப் பரிபூரண சம்மதம். அந்தப் பாட்டுப்பெட்டியும் கூட வருமில்லியா?" என்றார். அப்பா சரி என்றார். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. அவளுடைய பெட்டி, அவளோடு போகிறது. போகட்டுமே!

போனது. கூடவே ஒரு விஷயமும் எனக்குத் தெரியவந்தது. கடைக்காரன் கொடுக்கும் காரண்டி ஒரு வருஷம். பெண் வீட்டின் காரண்டி ஆயுள் பரியந்தம்!

ஸ்பிரிங் அறுந்தது... மச்சான்தான் மாற்றித் தரவேண்டும். சவுண்ட் பாக்ஸின் மைக்காத் தகடு கிழிந்தது... மச்சான். ஊசி டப்பா தீர்ந்தது... மச்சான். மூடியின் கீல் கழன்றபோது, அது இயற்கையாகக் கழன்றதா, அதன்மேல் யாராவது உட்கார்ந்தார்களா என்று கேட்டேன். "சாமான் நல்ல சாமான் இல்ல போலிருக்கு" என்றார் மாப்பிள்ளை. பெண்ணைப் பற்றி இப்படிச் சொல்லாமல் இருக்கிறாரே என்று கீலை மாற்றிக் கொடுத்தேன்.

ஆகவே ஹேண்டிலுக்காகக் கடைக்குப் போனேன். கழித்துப் போட்ட ஒரு பழைய பெட்டியின் ஹேண்டிலை எடுத்து மேஜையில் வைத்தார் கடைக்காரர். அதே மாடல். "பாக்கியசாலி சார் நீங்க, இது ஒண்ணுதான் இருக்கு" என்றார். வாங்கியிருப்பேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் எதுவும் எங்காவது சந்தில் விழுந்து கிடக்கும், ஒருதரம் நாமே தேடிப் பார்த்துவிடுவோமே என்று தோன்றியது. எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அம்மா சுட்டுக் கொடுத்த முறுக்குச் சம்படத்தோடு பஸ் ஏறினேன்.

மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்தார். மாமியார்க்காரி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். முன்கூடத்தில், வருகிறவர் கண்ணில் படும்படி ஒரு முக்காலி, அதன்மேல் பெட்டி. தூசு துரும்பு இல்லை. கண்ணாடி போல இருந்தது.

"நல்லாத்தான் வச்சிருக்காரு" என்றேன்.

"தொடைக்கது நானாக்கும்" என்றாள் செண்பகம்.

முக்காலிக்குக் கீழே, நெற்குதிருக்குப் பின்னால், பெஞ்சுக்கு அடியில் எல்லாம் தேடினேன். அவள் தேடவில்லை. அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தாள்.

"இப்பம் பாடுகது உண்டா நீ?" என்று சும்மா கேட்டேன்.

"அடுக்களையில எதுக்குப் பாட்டு?"

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வந்த புதிதில் ஒருநாள் மத்தியானம், வேலையெல்லாம் முடித்துவிட்டு, சத்தம் குறைவாகக் கேட்கட்டும் என்று பெட்டியின்மேல் ஒரு துணியைப் போட்டு நாகஸ்வர ரிக்கார்டை வைத்திருக்கிறாள். மாமியார் எழுந்து வந்துவிட்டார். "ஏட்டி, இது வீடா, நாடகக் கொட்டகையா? ஆம்பள இல்லாத நேரத்துல பெட்டிய முறுக்கிட்டு இருக்கா!" மாலையில் கணவர் வந்து தீர்ப்புச் சொன்னார். "உனக்கெதுக்கு அது? ஸ்பிரிங் போயிரும்."

இரண்டு வருஷம் ஸ்பிரிங்கைக் காப்பாற்றியவளிடம்!

அன்றிலிருந்து பெட்டி ஊர் சுற்றியது. சீட்டாட்டத்துக்குப் போயிற்று. சிநேகிதர் வீட்டுக் கலியாணங்களுக்குப் போயிற்று. கன்னியாகுமரிக் கடற்கரைக்குப் போய் மணல் தின்றுவிட்டு வந்தது. களியக்காவிளைக்கு ஈயம் பூசும் ஆளைப் பார்க்கப் போனபோதுகூடத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் மனிதர். எங்கே வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம் என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. முன்கூடத்திலிருந்து அடுக்களைக்கு இருபதடி தூரம்... அங்கே மட்டும் அது வரவில்லை.

"இங்க போடும்போ உனக்குக் கேக்குமே?" என்றேன்.

"கேக்கும். அவாளும் கூட்டாளிகளும் அதுக்கு மேல பேசுவாவ, சிரிப்பாவ, பாதியில ஊசியத் தூக்கி வேற போடுவாவ. அதக் கேக்கதுக்குச் செவி இல்லாம இருக்கலாம், அண்ணா."

சொல்லிவிட்டு, குழம்புக்குப் புளி எடுக்க அடுக்களை மூலையிலிருந்த பானையிடம் போனாள். நானும் பின்னால் போனேன். மூடியைத் தூக்கினாள். கறுப்பாக, வட்டமாக, ஓரம் வளைந்து, அப்பளம் மாதிரி ஒரு மூடி. நடுவிலுள்ள ஓட்டையில் எறும்பு நுழையாமல் ஒரு பாக்குத் துண்டு செருகியிருந்தது.

அது என்னவென்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாக்கைச் சுற்றியிருந்த சிவப்பு லேபிளில் பாதி எழுத்துதான் மிச்சம். அது போதும்.

நாகஸ்வரம்.

"சித்திர வெயில்ல பஸ்ஸுக்க மேல கெட்டி வச்சுக் கொண்டு போனாவ. நாலஞ்சு ரிக்கார்டு வளஞ்சு போச்சு. வீணாப் போகாண்டாம்னு மாமிதான் பானைய மூடதுக்கு நல்லா இருக்கும்னு எடுத்தா."

அழுதாளா? இல்லை. இவள் வாயில் சதா பாடிக்கொண்டிருந்த அந்த மூன்று நிமிஷம், இங்கே புளிக்கு மூடியாகக் கிடக்கிறது. அதைத் தினம் இவளே தூக்கி, இவளே மூட வேண்டும். யாரும் வேண்டுமென்று செய்த கொடுமையா என்றால், அதுவும் இல்லை. அவர்களுக்குத் தெரியாது. அதுதான் எனக்கு ஆறவில்லை. தெரிந்து செய்திருந்தால் சண்டையாவது போடலாம்.

செண்பகம் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டாள். புளியைத் தோண்டினாள். ஒரு உருண்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். உருண்டை கனத்தது. வழித்துப் பார்த்தேன்.

ஹேண்டில்!

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா?"

"நானாக்கும் எடுத்தேன். ரிக்கார்டு மூடியான அன்னைக்கே எடுத்து உள்ள போட்டேன். எனக்குக் கேக்கக் கூடாத பெட்டி, ஊரெல்லாம் பாடிட்டு நடக்காண்டாம்."

ஹேண்டிலின் பளபளப்பு போய்விட்டிருந்தது. அங்கங்கே கறுத்து, அரித்திருந்தது. குழம்பில் இரும்பு வாடை வரவில்லையா என்று கேட்டேன்.

"இப்பம்தான் குழம்பு நல்லா இருக்குன்னு சொல்லுகாவ" என்றாள். அதைச் சொல்லும்போது சிரித்துவிட்டாள். கலியாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஆவேசமாக வந்தது. "நம்ம வீட்டுல வேற பெட்டி ஒண்ணு வாங்கிப் போடுகேன். அம்மையப் பாக்க வரும்போ வந்து கேளு. எவன் தடுக்கான்னு பாப்பம்" என்றேன்.

அவள் ஹேண்டிலை என் கையிலிருந்து வாங்கிப் புளிக்குள் புதைத்தாள். மூடியை வைத்தாள். பாக்கைச் சரியாக அழுத்தினாள்.

"வேண்டாம்ணா. நீங்க வாங்கினா, அதையும் கேப்பாவ."

கோயிலுக்குப் போன மாமியார் வந்துவிட்டார். முறுக்கைக் கடித்துப் பார்த்து, உப்பு கொஞ்சம் கூடுதல் என்றார். புறப்பட்டேன்.

பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்துவிட்டேன். நேரே கடைக்குப் போய், ஹேண்டில் வேண்டாம் என்றேன். கடைக்காரர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். இனி யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். இன்னும் விசித்திரமாகப் பார்த்தார். கடைசியில் நானே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தப் பத்தியை எழுதும்போது காற்றில் காகிதம் பறக்காமல் மேலே இருப்பது அதுதான்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, சொன்னபடி மாப்பிள்ளை வந்தார். என் தங்கைக்காக நான் செய்ய முடிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு பொய் சொன்னேன். "அந்த மாடலே நின்னு போச்சாம் மாப்பிள்ள. ஹேண்டில் எங்கயும் கிட்டாதாம்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் மலர்ந்துவிட்டது!

"நல்லதாப் போச்சு மச்சான். நானே சொல்லணும்னு இருந்தேன். இப்பம் பேட்டரியில பாடுக ரேடியோ வந்திருக்காம். பெட்டி போலத்தான், கையில தூக்கிட்டு நடக்கலாமாம். ரிக்கார்டு வேண்டாம், ஊசி வேண்டாம், திருகவும் வேண்டாம். வாற ஓணத்துக்கு உங்க வீட்டுலேருந்து என்னமும் செய்யணும்லா... அதையே செஞ்சிருங்கோ. ஹேண்டிலே கெடையாதாம், பாத்துக்கிடுங்கோ. காணாமப் போகதுக்கு அதுல ஒண்ணுமில்ல!"

இரண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பேட்டரி ரேடியோ வைத்திருக்கும் வாசகர்கள் தயவுசெய்து எழுதுங்கள்... அதில் புளிப்பானைக்குள் அடங்கும்படியாக ஏதாவது ஒரு பாகம் உண்டா?