அவிழ்த்த ஸ்வெட்டர்

சல்லடை என்று அவளுக்குப் பேர் வைத்தது அவள் புருஷன்தான். அவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். "ஊர்ல இருக்கிற ஓட்டையெல்லாம் அடைச்சிட்டு அலுத்துப் போய் வந்தா, நீ வீட்ல உக்காந்து ஓட்டை போட்டுக்கிட்டிருக்கே" என்பார். அவள் பின்னுகிற லேஸ் சால்வை என்றால் அப்படித்தான். அதில் நூலைவிட ஓட்டைதான் அதிகம். ஓட்டை விழவேண்டிய இடத்தில் விழுந்தால் அது இலை, பூ, இறகு. ஒரு கண்ணி தள்ளி விழுந்தால் வெறும் ஓட்டை.

பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கடுகளவு திருகாணியை மூக்குக் கண்ணாடியில் திருகுவது, "அது மேல நான் உக்காரவே இல்லம்மா, அதுவா வளைஞ்சிடுச்சு" என்று சாதிக்கிறவர்களுக்கு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவது. மற்றபடி பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் பின்னல் ஊசி கைக்கு வந்துவிடும். அவள் உதடு அசைந்தால் கண்ணி எண்ணுகிறாள் என்று அர்த்தம். அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு பார்வை பார்ப்பாள். அதற்குப் பிறகு அவர்கள் வேறு சீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஊசியிலிருந்து இறங்கும்போது எந்த லேஸ் சால்வையையும் பார்க்கச் சகிக்காது. கரித்துணி மாதிரி சுருண்டு கிடக்கும். அதை நனைத்து, ஒற்றி எடுத்து, கட்டிலில் இழுத்து விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். காய்ந்தபின் குண்டூசிகளை எடுத்துவிட்டுத் தூக்கிப் பிடித்தால் அத்தனை இலையும் கண் திறந்திருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் முதுகுவலி, கண்ணெரிச்சல், பாதியில் தப்பு கண்டுபிடித்துப் பிரித்துப் போட்டு அழுத அழுகை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் புருஷன்கூட ஓட்டையைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

அவளுடைய அம்மா லேஸ் பக்கமே போனதில்லை. வாழ்நாளில் பின்னியது ஒரே ஒரு ஸ்வெட்டர், அதுவும் தனக்காக. செங்கல் நிறம், மெல்லிய உல்லன் நூலை இரட்டை இழையாகச் சேர்த்துப் பின்னியது. ஒரு கை சற்று நீளம். வலப்பக்கம் ஒரு பை, அதில் எப்போதும் இருமல் மிட்டாய். வெயிலடித்தாலும் கழற்ற மாட்டாள். "எனக்குக் குளுருது, உனக்கென்ன?" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவாள்.

அம்மா இறந்த பிறகு பாத்திரத்துக்கோ நாற்காலிக்கோ அக்கா தங்கைக்குள் சண்டை வரவில்லை. ஸ்வெட்டருக்கு வந்தது. அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில் தன் காலடியிலும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டிலும் யார் எதைச் செய்தாலும் பாதியில் நிறுத்துகிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அதிசயமாக அவளே விட்டுக்கொடுத்தாள். "இப்போதைக்கு உன்கிட்டயே இருக்கட்டும். நான் கேக்கறப்ப குடுக்கணும். ஒரு நூல் குறையக் கூடாது" என்றாள்.

சல்லடை அதை விரித்துப் பார்க்காமல் மடித்தபடியே பாலிதீன் உறையில் சுற்றிப் பெட்டிக்குள் அடியில் வைத்தாள். அதோடு விட்டுவிட்டாள். அங்கேதான் தப்பு. மழை விட்டு ஒருநாள் பெட்டியைத் திறந்தால், முழங்கையில், முதுகில், தோள்பட்டையில் எல்லாம் பூச்சி அரித்திருந்தது. அவள் போடாத ஓட்டைகள். வலப்பக்கத்து மிட்டாய்ப் பையையே காணோம், தையல் விட்டு எங்கேயோ விழுந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்து ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அப்போதே அக்காவுக்கு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. பின்னுகிறவர்களுக்கே உரிய ஒரு கோணல் புத்தி உண்டு, நூல் நன்றாக இருக்கிறவரை எதுவும் கெட்டுப்போகவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அரித்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பிரித்தாள். இரட்டை இழையைப் பிரித்தால் ஒவ்வொன்றும் லேஸுக்கென்றே நூற்றது போல மெல்லிசு. பல வருஷம் கண்ணிக்குள் வளைந்து கிடந்த நூல் சுருள் சுருளாக நின்றது. அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதை யோசிக்காமல் செய்தாள். சோப்புத் தண்ணீரில் அலசி, நாற்காலி முதுகில் சுற்றி, கனம் கட்டித் தொங்கவிட்டாள். நூல் நிமிர்ந்துவிட்டது. உடனே அதில் ஒரு சால்வையை ஆரம்பித்துவிட்டாள். யாருக்காகப் பின்னுகிறோம் என்று அவள் முடிவு செய்யவில்லை என்பதுதான் நிஜம்.

சால்வை பாதிக்கு மேல் வளர்ந்திருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். அம்மா ஸ்வெட்டரை எடுத்து வை."

"எதுக்குக்கா திடீர்னு?"

"கேட்டா குடுக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே" என்றாள் சல்லடை. போனை வைத்ததும் சால்வை யாருக்கு என்பது முடிவாகிவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு நூல் கவலைதான். முக்கோணச் சால்வை கழுத்தில் ஆரம்பித்துக் கீழே விரிந்துகொண்டே போகும், வரிசைக்கு வரிசை நீளம் கூடும், நூலைக் குடிக்கும். கடைசி வரிசைகள் பேய் மாதிரி குடிக்கும். பூச்சிக்குப் போனது போக மீந்த நூல் போதுமா என்று தினமும் உருண்டையை உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தாள். ஓரத்து இலைகளைக் குறைத்துச் சின்னதாக முடித்திருந்தால் நூல் போதுமானதாக இருந்திருக்கும். புருஷன்கூடச் சொன்னார். "கிடைச்ச பைப்புக்குத் தகுந்த மாதிரிதான் லைன் இழுக்கணும்." அவளுக்கு ஆசை விடவில்லை. அக்கா கண்ணில் குறை என்று ஒன்று படக்கூடாது, பார்த்ததும் ஸ்வெட்டரை மறந்துவிட வேண்டும். முழு ஓரமும் போட்டாள்.

ஞாயிறு காலை கண்ணிகளை ஒவ்வொன்றாக மூடி ஓரம் கட்டத் தொடங்கினாள். கட்டிலில் துண்டு விரித்து, குண்டூசி டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். பாதி ஓரம் தாண்டியபோது உருண்டை நெல்லிக்காய் அளவு இருந்தது. முக்கால் தாண்டியபோது உருண்டையே இல்லை, நூல் நேராக மடியில் கிடந்தது. அவள் வேகமாகப் பின்னினாள், வேகமாகப் பின்னினால் நூல் குறைவாகச் செலவாகும் என்பது போல. அதுவும் தீர்ந்தது. இடது ஊசியில் இன்னும் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணிகள் வாயைத் திறந்தபடி நின்றன. வேறு நிறம் வைத்துக் கட்டலாம்தான். அதற்கு அவள் மனசு ஒப்பவில்லை.

அழைப்பு மணி அடித்தது. புருஷன் போய்க் கதவைத் திறந்தார். "வாங்கக்கா, இவ்வளவு சீக்கிரமா?" என்று சத்தமாகச் சொன்னார், உள்ளே கேட்கட்டும் என்று. ஒளித்து வைக்க அவளுக்கு நேரமில்லை. நேரமிருந்தாலும் ஊசியை உருவ முடியாது. உருவினால் திறந்த கண்ணிகள் எல்லாம் கழன்றுவிடும்.

அக்கா உள்ளே வந்து நின்றாள். முதலில் அவள் கண்ணில் பட்டது நிறம்தான்.

"இது என்னடி?"

"அக்கா, ஸ்வெட்டர் இல்லக்கா. பூச்சி அரிச்சிடுச்சு. மிச்சத்தைப் பிரிச்சு உனக்குத்தான் சால்வையா..."

"யாரைக் கேட்டுப் பிரிச்சே?"

"போட்டுக்கவே முடியாதுக்கா, முதுகெல்லாம் ஓட்டை..."

"நான் போட்டுக்கவா கேட்டேன்?" அக்கா சால்வையின் நுனியைப் பிடுங்காத குறையாக எடுத்து மூக்கில் வைத்து மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். "சோப்பு வாசனை வருது. கழுவினியா?"

சல்லடைக்கு அப்போதுதான் உறைத்தது. பூச்சிக்கு அழுதாள், நூல் போதவில்லை என்று தவித்தாள். அம்மாவின் வாசனையைத் தானே சாக்கடையில் ஊற்றியது இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"கழுவினேன்" என்றாள்.

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்தாள். எழுந்து போனால் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்பது சல்லடைக்குத் தெரியும். பெரியப்பா வீட்டோடு ஒரு சின்ன வார்த்தைக்காகப் பேச்சை நிறுத்தியவள், இன்றுவரை அந்தத் தெருப்பக்கம் போனதில்லை. புருஷன் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் தம்ளரோடு அப்படியே சமையல்கட்டுக்குப் பின்வாங்கிவிட்டார்.

"ஏன் முடிக்காம வச்சிருக்கே?" என்று அக்கா திடீரென்று கேட்டாள்.

"நூல் தீந்து போச்சு."

"எவ்வளவு வேணும்?"

சல்லடை திறந்து நின்ற கண்ணிகளைக் காட்டினாள். அக்கா கைப்பையைத் திறந்து, தைலம் வந்த சின்ன டப்பா ஒன்றை எடுத்தாள். மூடியை இரண்டு தரம் திருகினாள், ஆனால் திறக்கவில்லை. மூன்றாம் தரம் திறந்தாள். உள்ளே செங்கல் நிறத்தில் மடித்து வைத்த ஒரு துண்டு.

ஸ்வெட்டரின் பை.

"அம்மா போன அன்னைக்கே தையலை மட்டும் கத்தரிச்சு எடுத்துட்டேன். யாரையும் கேக்கல" என்றாள் அக்கா. "தினம் காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறப்பேன். இப்பக் கொஞ்ச நாளா அம்மா வாசம் ஒண்ணும் வரல. அதான் ஸ்வெட்டரைக் கேட்டேன்." பையை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள். "இதைப் பிரிச்சு முடி."

"வேண்டாம்க்கா."

"பிரிடி. நீயும் நானும் ஆளுக்குப் பாதியைக் கெடுத்தாச்சு. முழுசா ஒண்ணாவது மிஞ்சட்டும்."

பையின் மேல்விளிம்பை அம்மா உள்பக்கம் மடித்துத் தைத்திருந்தாள். சல்லடை கண்ணாடிக் கடையில் திருகாணி எடுக்கிற சாமணத்தால் அந்தத் தையலை எடுத்தாள், முடிச்சைக் கண்டுபிடித்து நுனியை இழுத்தாள். வரிசை சரசரவென்று கழன்றது. இரண்டு இழையையும் பிரித்து ஒன்றைச் சால்வையில் ஒட்டுப் போட்டாள், மற்றதை ஒதுக்கினாள். அக்கா பையைப் பிடித்துக்கொண்டு நூலை விடுவாள், சல்லடை கண்ணியை மூடுவாள். இங்கே ஓரம் வளர வளர, அங்கே அக்கா விரலில் பை குட்டையானது. அக்காவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது, அங்கே இல்லாத பிரேக்கை.

"இறுக்கிப் போட்டா கொஞ்சம் மிச்சமாகுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். பை அப்போது பாதிகூட இல்லை.

"ஆகும். ஆனா ஓரம் கயிறு மாதிரி பிடிச்சுக்கும். சால்வை விரியாது."

அக்கா கையிலிருந்ததைப் பார்த்தாள். "அப்ப தளர்வாவே போடு."

கடைசி வரிசையும் கழன்றது. அக்கா விரலில் ஒன்றுமில்லை. முதல் இழை தீர்ந்ததும் சல்லடை ஒதுக்கி வைத்த இரண்டாவது இழையை இணைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடிக்கொண்டே போனாள். கடைசிக் கண்ணிக்குள் நூலை இழுத்து இறுக்கியபோது மிஞ்சியது கட்டை விரலில் ஒரு சுற்று சுற்றுகிற நீளம். இருவரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

சால்வை ஊசியிலிருந்து இறங்கியது. சோப்பில் அலசிய பகுதி ஒருமாதிரி, அலசாத கடைசி ஓரம் சுருள் சுருளாக வேறுமாதிரி, மொத்தத்தில் அடுப்படித் துணி. அக்கா அந்தச் சுருட்டை ஓரத்தை முகத்தில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடி வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"வருதாக்கா?"

"தெரியல. மடிப்புக்குள்ள இருந்த நூல்ல... மிட்டாய் வாசம் மாதிரி இருக்கு. இல்ல, எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னவோ."

சல்லடை நனைக்க வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியை இழுத்தாள். விரித்துக் காட்ட அவளுக்குக் கை பரபரத்தது. நனைத்துக் குத்தினால் போதும், ஒவ்வொரு இலையும் எழுந்து நிற்கும், அக்கா அசந்துபோவாள்.

"குடுக்கா, நனைச்சிடறேன்."

அக்கா சால்வையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். "இப்ப வேண்டாம்."

"நனைக்காட்டி இது சால்வையே இல்லக்கா. சுருண்ட துணி. எவ்வளவு கஷ்டப்பட்டுப் பின்னினேன் தெரியுமா? நாலு பேர் பார்த்தா என் பின்னலையே..."

"வாசம் போனதும் நானே கொண்டு வர்றேன். அன்னைக்கு நனைச்சு விரிச்சுக் குடு."

சல்லடை தொட்டியை விட்டுவிட்டாள். அக்கா அந்தக் கசங்கலைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். எதிரே வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் கவலைப்படவில்லை.

புருஷன் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன, விரிக்கவே இல்லையா? குண்டூசியெல்லாம் எடுத்து வச்சியே."

"அக்கா மறுபடி வருவா" என்றாள் சல்லடை. கட்டிலில் விரித்த துண்டை மடித்துத் தலைமாட்டிலேயே வைத்தாள், குண்டூசி டப்பாவை மூடி அதன்மேல் வைத்தாள்.