சித்தி கடித்துக் காட்டும் முதல் உருண்டை

எங்கள் ஊர் சின்னதுதான். நெடுஞ்சாலை அந்தப் பக்கம் வளைந்து போனதால் ஒரு பேருந்து நிலையம் கிடைத்தது. தொலைதூர வண்டிகள் அங்கே ஒன்பது நிமிடம் நிற்கும். அந்த ஒன்பது நிமிடத்துக்குள் என் சித்தி எள்ளுருண்டை விற்றாக வேண்டும். தேநீர்க் கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஆறடிக்கு நாலடி இடம். யாரும் பொறாமைப்படக்கூடிய இடமில்லை. ஆனாலும் எள் வறுபடும் வாசனை கிளம்பிவிட்டால் பக்கத்துக் கழிப்பறை இருப்பதையே மக்கள் மறந்துவிடுவார்கள். அவசரமாக அதைத் தேடி இறங்கியவர்கள்கூட.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா போன பிறகு அந்தக் கடைதான் அவளுக்கு எல்லாம். அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எள்ளும் வெல்லமும் இடித்து ஒவ்வொரு ஈடும் பிடித்து முடித்ததும், வாங்க வந்தவர்கள் பார்க்க முதல் உருண்டையை அவளே கடித்துத் தின்பாள். அவசரமே இல்லாமல், நின்று, மென்று, விழுங்கிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு சொல்வாள்.

"பாத்தீங்கல்ல. நான் நல்லாத்தான் நிக்கறேன். எங்க ஊரு எள்ளு இது. இதைத் தின்னுட்டு எங்க ஊர்ல எண்பது வயசுலயும் வயல்ல குனிஞ்சு நிமிர்றாங்க. எதுத்தாப்புல ஆஸ்பத்திரியப் பாருங்க, ஈ ஓட்டுது."

கூட்டம் சிரிக்கும். சிரித்தவர்களில் பாதிப் பேர் வாங்குவார்கள்.

எதிரே இருந்த அரசு மருத்துவமனையில் ஈ ஓட்டவெல்லாம் இல்லை. காலை ஏழு மணிக்கே வாசல்வரை வரிசை நிற்கும். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான்தான் வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அங்கியும் தொப்பியுமாக நான் நிற்கும் படத்தைச் சித்தி கண்ணாடி ஜாடிகளுக்கு மேலே மாட்டி, கீழே ஓர் அட்டையில் எழுத வைத்திருந்தாள்: "சத்து நிறைந்தது. பட்டதாரி சொன்னது."

நான் சொன்னது உண்மைதான். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, விடுமுறைக்கு வந்த இடத்தில், எள்ளில் சுண்ணாம்புச் சத்து இவ்வளவு, இரும்புச் சத்து இவ்வளவு என்று அவளிடம் ஒரு மணி நேரம் அளந்துவிட்டேன். அப்போது நான் பட்டதாரியே இல்லை. வெல்லத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் செருப்புக் கடித்த புண் ஒரு மாதமாக ஆறவில்லை என்று காலைத் தூக்கிக் காட்டினாள். அழைத்துப் போய் விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இனிப்பை அடியோடு விடச் சொன்னார். இல்லாவிட்டால் அந்தப் புண் விரலைக் கேட்கும், பிறகு பாதத்தைக் கேட்கும் என்றார். சித்தி வெளியே வந்து மரப்பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மெஷின் ரிப்பேராடா?"

"இல்ல சித்தி."

"சீனி ஒரு சிட்டிகை சேத்திருப்பேனா நான்? அத்தனையும் வெல்லம்."

"வெல்லமும் ரத்தத்துக்குள்ள போனா அதே வேலையத்தான் பாக்கும்."

"அப்ப அன்னிக்கு ஏன் சத்துன்னு சொன்ன?"

நான் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன். அவளே சொன்னாள். "சரி விடு. யார்கிட்டயும் மூச்சு விடாத. உருண்டைக்காரிக்கே சர்க்கரைன்னா ஊர் பேரே நாறிடும்."

அவளுக்குத் தன் பெயரைவிட ஊரின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் பார்த்தேன். இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

"மாத்திரை போடறீங்களா?"

"வேளை தவறாம."

"அப்ப உருண்டை?"

புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். "வெறும் வாயோட நின்னா எவன்டா வாங்குவான்? ஈட்டுக்கு ஒண்ணுதான்."

"ஒரு நாளைக்கு எத்தனை ஈடு?"

"ஏழு. சந்தை நாள்னா ஒம்போது."

அந்த எண்ணைச் சீட்டின் ஓரத்தில் எழுதினேன்.

"முந்தி மாதிரி பெருசாப் பிடிக்கறதில்ல. எனக்குன்னு சின்னதாத்தான் பிடிக்கறேன்" என்று சமாதானம் சொன்னாள்.

இப்போது நான் வேறு ஊரில், குளிரூட்டிய ஒரு பெரிய கூடத்தில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நானூறு பேரின் ரத்தம் என் கையைக் கடந்து போகிறது. ஒருவரின் முகமும் தெரியாது. குழாயில் ஒட்டிய எண்தான் தெரியும். ஊர் மருத்துவமனையில் வேலை பார்த்த அந்த ஒரு வருஷத்தில், சாலையைக் கடந்தால் சித்தி, திரும்பிக் கடந்தால் வேலை என்று இருந்ததை நினைத்தால் இன்றும் மனசு கொஞ்சம் கனக்கிறது. தினம் நாலு மணிக்குத் தேநீர் குடிக்கிற சாக்கில் அவளைக் காவல் காக்கப் போவேன். நான் நிற்கும் ஈட்டுக்கு உருண்டையை உதட்டருகே கொண்டுபோய்விட்டு, யாரையோ கூப்பிடுவதுபோல் கீழே வைத்துவிடுவாள். மற்ற ஆறு ஈட்டுக்கு அவளே காவல்.

அப்படி ஒரு நாலு மணிக்குத்தான் அந்தப் பயணி வந்தார். கனத்த உடம்பு. கையில் மருந்துக் கடைப் பை. சித்தி அப்போதுதான் முதல் உருண்டையைக் கையில் எடுத்திருந்தாள்.

"அம்மா, எனக்குச் சர்க்கரை இருக்கு. வெல்லம்தானே, சாப்பிடலாமில்ல? போர்டுல எழுதிருக்கே."

இந்தக் கேள்விக்குச் சித்தியிடம் பல வருஷமாக ஒரே பதில்தான். தாராளமா. நூறு முறை கேட்டிருக்கிறேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் தேநீர்க் குவளையைப் பார்த்தேன். பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள்.

சித்தி உருண்டையைத் தட்டில் வைத்தாள்.

"வேணாம்யா. எனக்கும் அதுதான். முந்நூறுக்கு மேல."

அந்த வண்டியின் நடத்துநர், பதினோரு வருஷமாக அவளைக் கேலி செய்கிறவர், வாயில் விசிலோடு அப்படியே நின்றார். அந்தப் பயணி மட்டும், "நல்லவேளை சொன்னீங்க" என்றார். அன்று அந்த வண்டிக்கு மூன்று பொட்டலம்தான் போனது. வண்டி போனதும் சித்தி ஸ்டூலைப் போட்டு ஏறி அட்டையைக் கழற்றினாள். என் படத்தைக் கழற்றவில்லை. "நீ இருந்துட்டுப் போ, உன் வாய்தான் சரியில்ல" என்று படத்திடம் சொன்னாள்.

மறுநாளே பேருந்து நிலையம் முழுக்கப் பரவிவிட்டது. பழக்கடைக்காரர் வலிய வந்து துக்கம் விசாரித்தார். சித்தி ஏழு ஈட்டை நாலாகக் குறைத்தாள். சர்க்கரை இருக்கிறது என்று சொன்னவர்களுக்கு விற்கவே மறுத்தாள். முகத்தைப் பார்த்தே சிலரைக் கேட்டுவிட்டு வசவும் வாங்கினாள்.

பத்து நாள் போயிருக்கும். பரிசோதனைக் கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு நடத்துநர் வந்தார். தோளில் பணப்பை, கையை நீட்டியபடி.

"தம்பி, சட்டுனு குத்து. வண்டி நிக்குது."

"என்னாச்சுண்ணே?"

"இனிமே முதல் உருண்டைய நான் தின்னு காட்டறேன் அக்கான்னேன். உங்க சித்தி, ரிப்போர்ட் இல்லாம தொடாதங்குது. எனக்கு அம்பது வயசாகுதுப்பா, பரீட்சைக்கு அனுப்புது."

குத்தினேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நூற்றுப் பதினெட்டு. சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

"சீல் போடு. இல்லன்னா அது நம்பாது."

அவரோடு நானும் சாலையைக் கடந்தேன். ஓட்டுநர் ஒலிப்பானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். சித்தி சீட்டைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, எண்ணையும் முத்திரையையும் பார்த்து, என் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஓர் உருண்டையை எடுத்து நீட்டினாள்.

"ஒண்ணுதான். இன்னொண்ணு கேட்டா சீட்டைக் கிழிச்சிருவேன்."

நடத்துநர் கூட்டத்தைப் பார்த்து நின்று கடித்தார். வாய் நிறைய எள் இருந்ததால் அவரால் ஒன்றும் பேச முடியவில்லை. தலையை மட்டும் பலமாக ஆட்டினார். பின்னால் நின்ற ஒரு பெண் கொஞ்சம் பயந்த குரலில் கேட்டாள்.

"ஏங்க, எனக்கும் அந்தச் சீட்டு வேணுமா?"

"உனக்கு எத்தனை வயசும்மா?" என்றாள் சித்தி, பொட்டலத்துக்குக் காகிதத்தைக் கிழித்தபடி.